ஆறுமணிக் குருவி வந்த வீடு

வேளாங்கண்ணி என்றதும் உங்களுக்கெல்லாம் திருவிழாதான் நினைவுக்கு வரும். ஆகஸ்ட் 29-ந் தேதி கொடி ஏறிவிட்டால் செப்டம்பர் 8-ந் தேதி வரைக்கும் எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. காவித்துணி கட்டி நடந்தே வருகிறவர்கள், பிள்ளைக்கு மொட்டையடிக்க வருகிறவர்கள், வளையல் கடை, பொரிகடலைக் கடை என்று ஊரே திணறும். பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு மளிகைக் கடை இருக்கிறது. அந்தப் பத்து நாள் வியாபாரத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு ஓடும். விழா முடிந்து கூட்டம் கலைந்தால் என் வீட்டுக்காரர் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வருகிற விருந்தாளிகளைப் பற்றி. அவர்கள் பஸ்ஸில் வருவதில்லை, லாட்ஜில் தங்குவதுமில்லை. ஐப்பசி அடைமழையோடு ராத்திரியில் வந்து இறங்குகிறார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி. ராத்திரி முழுக்க மழை. விடிந்தும் விடியாமலும் பாத்திரம் துலக்கக் கொல்லைப்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்கு அடியில் ஏதோ கலர்த் துணி கிடப்பது போல இருந்தது. குனிந்து பார்த்தால் குருவி! மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. வால் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி. முதுகு பச்சை, தோளில் மின்னுகிற நீலம், கண்ணுக்கு மை தீட்டினாற்போல் கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. கண்ணை மூடி மூடித் திறந்தது. பறக்கவில்லை. மதில்மேல் பூனை உட்கார்ந்திருந்தது.

எடுத்து உள்ளே வந்து முதல் வேலையாக ஒரு ஸ்பூன் தண்ணீரை அதன் வாயில் ஊற்றப் போனேன். நாமெல்லாம் அதைத்தானே செய்வோம்? அதற்குள் ஒன்பதாவது படிக்கிற என் பையன் போட்டோ எடுத்து அவனுடைய சயின்ஸ் டீச்சருக்கு அனுப்பிவிட்டான். உடனே டீச்சரிடமிருந்து போன்.

“அம்மா, தண்ணி ஊத்தாதீங்க. புரை ஏறிச் செத்துடும். சோறு, பால் எதுவும் வேண்டாம். ஒரு அட்டைப் பெட்டியில நாலு ஓட்டை போட்டு, அடியில பழைய துணி விரிச்சு, அதுல விட்டு மூடி இருட்டா ஒரு மூலையில வச்சிடுங்க. திறந்து திறந்து பார்க்காதீங்க. சாயங்காலம் நான் வர்றேன்.”

சோப்பு வந்த அட்டைப் பெட்டியில் வைத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். அன்றைக்குச் சமையல் செய்தேனே தவிர என் காதெல்லாம் அந்த மூலையில்தான். மத்தியானம் வரை சத்தமே இல்லை. மூன்று மணிக்கு மேல் உள்ளே ‘டக் டக்’ என்று கேட்டது. சாயங்காலம் டீச்சர் வந்து பெட்டியைப் பக்கத்துத் தோப்புக்கு எடுத்துப் போய்த் தரையில் வைத்துத் திறந்தார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு சருகுக்குள் தத்தித் தத்திப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இரண்டு சுருதியில் ஒரு விசில்!

“இதுதான் ஆறுமணிக் குருவி” என்றார் டீச்சர். காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூப்பிடுவதால் அந்தப் பெயராம். பொன்னுத்தொட்டான் என்றும் சில ஊர்களில் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிறது. ராத்திரியில்தான் பிரயாணம். மழையிலும் காற்றிலும் சிக்கிக் களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக் குழம்பி, இப்படி வீடுகளில் விழுந்துவிடுமாம். ஐப்பசியில் உங்கள் வீட்டிலும் விழலாம் சகோதரிகளே, அந்த அட்டைப் பெட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

“ஞாயித்துக்கிழமை காலையில வெள்ளையாத்து முகத்துவாரத்துக்கு வர்றீங்களா? நாங்க பறவை எண்ணுறோம்” என்று போகிற போக்கில் டீச்சர் கேட்டார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். “கடையில சரக்கு எண்ண ஆள் இல்ல, இவ பறவை எண்ணப் போறாளாம்!”

அவர் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் தயக்கம் வேறு. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நான் கடற்கரைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். அன்றைக்கு எங்கள் ஊர்க் கரையில் பார்த்ததை எழுத எனக்குத் தெம்பு கிடையாது. மீன் வாங்கக்கூடத் தெருவுக்கு வருகிற கூடைக்காரியிடம்தான். பையன்தான், “வாம்மா, கடல் பக்கம் வேண்டாம், ஆத்துப் பக்கம் திரும்பி நின்னு பாரு” என்று இழுத்துக்கொண்டு போனான்.

வெள்ளையாறு எங்கள் ஊருக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அக்கரையில் செருதூர். குழு என்றவுடன் நான் பெரிதாக நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் டீச்சர், இரண்டு காலேஜ் பையன்கள், ஒரு நர்ஸ், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், ஐந்தாறு பள்ளிக்கூடப் பிள்ளைகள். சந்தா கிடையாது, ரசீதுப் புத்தகம் கிடையாது. இரண்டே தூரதர்சினி, கை மாற்றிக் கை மாற்றிப் பார்க்க வேண்டியது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அதைக் கண்ணில் வைத்தபோது, மீன் எடுக்க வந்த பெண்கள் “என்னக்கா, அக்கரையில பொண்ணு பாக்குறியா?” என்று கேட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

எண்ணுவது எப்படி என்று தபால்கார ஐயா சொல்லிக்கொடுத்தார். கூட்டமாக இருக்கிற பறவையை ஒன்று, இரண்டு என்று எண்ணினால் முடிப்பதற்குள் பறந்துவிடும். பத்துப் பறவையை ஒரு கொத்தாகக் கண்ணில் பிடித்துக்கொண்டு, அதேபோல் எத்தனை கொத்து என்று கூட்டத்தின் மேல் கண்ணை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எனக்கு இது உடனே வந்துவிட்டது. உலையைப் பார்த்தே எத்தனை பேருக்குச் சோறு காணும் என்று சொல்கிறவர்கள்தானே நாம்? காலேஜ் பையன் நூற்றைம்பது என்ற இடத்தில் நான் இருநூறு என்றேன். போட்டோவில் எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டு! அன்றிலிருந்து கொசு உள்ளான் எண்ணுவது என் பொறுப்பு.

கொக்கும் மடையானும் நீர்க்காகமும் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் ‘கடல் காக்கா’ என்று ஒரே பெயரில் ஒதுக்கியிருந்தேனே, அதில் ஆலா வேறு, கடற்காகம் வேறு. மணலில் பட்டாணி உருண்டாற்போல் ஓடுகிறது உப்புக்கொத்தி. விராலடிப்பான் என்று ஒரு கழுகு, பெயருக்கேற்றபடி தண்ணீரில் காலை நீட்டிப் பாய்ந்து மீனோடு எழும்புகிறது. எண்ணி முடித்ததைக் காலேஜ் பையன்கள் ‘ஈபேர்ட்’ என்கிற கைபேசிச் செயலியில் பதிந்துவிடுவார்கள். உலகம் முழுக்க இப்படி ஜனங்கள் எண்ணி அனுப்புவதை வைத்துத்தான் எந்தப் பறவை குறைகிறது, எது இடம் மாறுகிறது என்று கண்டுபிடிக்கிறார்களாம். நான் எண்ணிய இருநூற்றுப் பன்னிரண்டும் அதில் சேர்ந்திருக்கிறது என்றால் நம்பவா முடிகிறது!

புரட்டாசி கடைசியிலிருந்து கார்த்திகை வரை குழுவுக்கு வேலை சரியாக இருக்கும். அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம், பள்ளிக்கூடங்களில் பேச வேண்டும். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை வலசைப் பறவைகள் தினம், அன்றைக்கு விடியற்காலையிலேயே எண்ணக் கிளம்ப வேண்டும். நடுவில் ஒரு நாள் முகத்துவாரத்தில் ஒதுங்கிக் கிடக்கிற அறுந்த நைலான் வலைகளைப் பொறுக்க வேண்டும். அதில் கால் சிக்கிய பறவை தானாக விடுபடவே முடியாது. தீபாவளிக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கொள்ளுக்குடிப்பட்டி கதையைச் சொல்வோம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டியிருக்கிற ஊர் அது. ஊர் மரங்களில் தங்குகிற பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகப் பல வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடியே போடாமல் இருக்கிறார்கள். என் பையன் இதைக் கேட்டுவிட்டு வந்து, “நான் லக்ஷ்மி வெடி மட்டும் வேண்டாங்கிறேன், புஸ்வாணம் உண்டு” என்று பேரம் பேசினான். அதுவும் லாபம்தான் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் குழுவில்தான் ஜமால் ஆரா என்ற பெண்மணியின் பெயரைக் கேள்விப்பட்டேன். 1923-ல் பிறந்தவர், பீகார்ப் பக்கம். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. காடு காடாகப் பறவைகளைக் கவனித்துக் கட்டுரைகள் எழுதி, பிள்ளைகளுக்காகப் பறவை பார்ப்பது பற்றி ஒரு புத்தகமும் போட்டிருக்கிறார். நானும் பத்தாவது. அவர் எங்கே, நான் எங்கே! ஆனாலும் கேட்டவுடன் என்னவோ உறவுக்காரி ஒருத்தியைப் பற்றிக் கேள்விப்பட்ட மாதிரி இருந்தது.

போன வருஷம் நவம்பரில் எல்லோருமாகக் கோடியக்கரைக்குப் போனோம். நவம்பர் 12 பறவை அறிஞர் சாலிம் அலியின் பிறந்தநாள், அதை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை. என் மூத்த மகள் அப்போது பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள், மாசம் ஒன்பது. போகலாமா வேண்டாமா என்று மனசு அடித்துக்கொண்டது. “ராத்திரி வந்துடப் போற. நான் இருக்கேன்ல” என்று என் மாமியார்தான் அனுப்பி வைத்தார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு வழியாக பஸ் போகிறது. ஐப்பசியில் இந்த வழியில் பிரயாணம் செய்வதே ஒரு சுகம். நடவு முடிந்த சம்பா வயல்கள் இளம்பச்சையாகத் தண்ணீரில் நிற்கும், நடுவே வெள்ளையாகக் கொக்கு. ஆனால் போகப் போகத் தலையில்லாத தென்னைகள் கண்ணில் படும். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான் கரை ஏறியது. எத்தனை குடும்பம் ஒரே ராத்திரியில் தென்னந்தோப்பை இழந்தது! பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அம்மாள் வெளியே கையைக் காட்டி, “எங்களுது நூத்தம்பது மரம்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை 11 கிலோமீட்டர். வழியில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்தது இங்கேதான். நினைவுத் தூண் இருக்கிறது. அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போன ருக்மிணி லட்சுமிபதியின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பஸ்ஸை விட்டு இறங்குமுன் பெண்களுக்கு ஒரு யோசனை: கழிப்பறை வேலையை வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற கலர்ப் புடவை வேண்டாம். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். கோடியக்கரைக் குரங்குகள் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனம். எங்கள் எலுமிச்சம்பழச் சாதத்தில் பாதி அங்கேதான் போயிற்று.

கோடியக்கரையை 1967-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002-ல் ‘ராம்சார்’ என்று சொல்லப்படும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது, தமிழ்நாட்டில் முதலாவதாக. நமது கரை இங்கே முழங்கை மாதிரி மடங்குகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் ஜலசந்தி. காட்டுக்குள் புள்ளி போட்டாற்போல் வெளிமான் கூட்டம், முறுக்கிய கொம்பும் கறுப்பு முதுகுமாக. மட்டக் குதிரைகள்கூடத் திரிகின்றன. புயலில் சாய்ந்த பாலை மரங்கள் இன்னும் கிடக்கின்றன, அவற்றின் பக்கத்திலிருந்தே புதுத் துளிர்.

காட்டுக்கு மேற்கே சதுப்பு. கோடையில் வெடித்த சேறாகக் கிடக்கிற இடம், மழை வந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்த் தகடாகிவிடுகிறது. அதில் தூரத்தில் ஒரு வெளிறிய ரோஜா நிறக் கோடு. மேகத்தின் நிழலோ என்று நினைத்தேன். தூரதர்சினியில் பார்த்தால் பூநாரைகள்!

நாலடிக்கு மேல் உயரம். குச்சிக் காலும் கயிற்றுக் கழுத்துமாக நின்று, தலையைக் கவிழ்த்து அலகை மல்லாக்கப் போட்டுத் தண்ணீரைச் சலித்துச் சலித்துத் தின்கின்றன. மாவு சலிக்கிற மாதிரியேதான். உப்புத் தண்ணீரில் இருக்கிற பாசியையும் கண்ணுக்குத் தெரியாத சின்ன இறாலையும் தின்றுதான் அந்த ரோஜா நிறம் வருகிறதாம். இவை கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் பக்கம். அங்கே குஞ்சுக்குத் தாயும் தகப்பனும் இரண்டுமே தொண்டைப் பையில் ஊறுகிற ஒருவிதப் பாலை ஊட்டுமாம். பால் என்றால் வெள்ளை இல்லை, சிவப்பு. ஊட்டி ஊட்டித் தாய் தகப்பன் உடம்பின் நிறமே வெளுத்துப்போகுமாம். டீச்சர் இதைச் சொன்னபோது எனக்கு வீட்டில் இருக்கிற என் பெண்ணின் வெளுத்த முகம் கண்ணில் வந்து நின்றது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பல வருஷங்களாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்ச்சி செய்கிறார்கள். கழகம் 1883-ல் தொடங்கியது. மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, அளந்து, நிறுத்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் போட்டு விட்டுவிடுவார்கள். வளையத்தில் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அந்தப் பறவை வேறெங்காவது அகப்பட்டால் இங்கிருந்து எவ்வளவு தூரம் போயிற்று என்று தெரிந்துவிடும். இப்படித்தான் கோடியக்கரையில் வளையம் போட்ட உள்ளான் ரஷ்யாவின் வடகோடியில், சைபீரியாவில், திரும்பக் கிடைத்திருக்கிறது.

நாங்கள் போனபோது ஒரு கொசு உள்ளானை எனக்குப் பக்கத்தில் காட்டினார்கள். எடை 25 கிராமுக்குள்தான். சின்ன வெங்காயம் இரண்டு மூன்று எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். அதன் மார்பு துடிப்பது வெளியிலேயே தெரிந்தது. “ஆர்க்டிக் பக்கத்துலேருந்து வந்திருக்கும்மா” என்றார் அங்கிருந்தவர். நான் மாயவரத்தைத் தாண்டிப் போனதே நாலு தடவை.

எண்பதுகளில் இங்கே பறவைகள் லட்சக்கணக்கில் இறங்கியது உண்டு. இப்போது அவ்வளவு கிடையாது. நன்னீர் வரத்து, உப்பின் அளவு, இரை எல்லாம் மாறிவிட்டது, வேட்டையும் ஒரு காரணம் என்றார்கள். வேட்டை என்ற சொல் வந்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று சொல்கிறேன்.

கார்த்திகை பாதியில் என் மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை வாசலில் சைக்கிள் மணி.

“அக்கா, உள்ளான் கொண்டாந்திருக்கேன். பெரியம்மா சொல்லிவிட்டாங்க.”

காலைச் சேர்த்துக் கட்டின எட்டுப் பறவை. ஐந்துக்கு உயிரில்லை, மூன்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. கொசு உள்ளான்தான். என்னை அறியாமல் கால்களைப் பார்த்தேன், வளையம் இருக்கிறதா என்று. இல்லை. வளையம் இருந்தால் ஒரு உயிர், இல்லாவிட்டால் கறியா? ஏன் அப்படிப் பார்த்தேன் என்று இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

பச்சை உடம்புக்காரிக்கு உள்ளான் கறி கொடுத்தால் உடம்பு தேறும், பால் ஊறும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. மூச்சிரைப்புக்கு மடையான் என்பதும் அப்படித்தான். இதே மகள் பிறந்தபோது எனக்கும் மிளகு அரைத்து விட்டு வைத்துக் கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன், ருசித்துத்தான் சாப்பிட்டேன். அன்றைக்கு அது எங்கேயிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் பறந்து வருகிறது என்று நான் ஒரு வினாடியும் நினைத்ததில்லை.

“வேண்டாம் அத்தை” என்றேன். 1972-லேயே சட்டம் வந்துவிட்டது, காட்டுப் பறவையைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம், ஜெயில் என்றேன்.

“ஜெயிலுக்கு நான் போறேன். எம் பேத்திக்குப் பால் ஊறணும்” என்று சுருக்குப் பையைத் திறந்து பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி பகல் பாராமல் அவளுக்குக் கால் பிடித்து விட்டவர்கள். என்னைக் கோடியக்கரைக்கு அனுப்பிவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டவர்களும் இதே அத்தைதான். நான் எப்படி எதிர்த்துப் பேசுவேன்? பேசாமலும் எப்படி இருப்பேன்?

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சில இடங்களில் நெல்லில் பூச்சி மருந்தைக் கலந்து தூவிப் பறவை பிடிக்கிறார்கள் என்று குழுவில் கேள்விப்பட்டிருந்தேன். “அத்தை, மருந்து வச்சுப் பிடிச்சதா இருந்தா அந்த விஷம் கறியில இருக்கும். தாய் சாப்பிட்டா பிள்ளைக்குத்தானே போகும்?” என்றேன். அவ்வளவுதான். அத்தையின் கை அப்படியே நின்றுவிட்டது. தொட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். “எடுத்துட்டுப் போ” என்றார்கள்.

இறந்தவற்றை முருங்கை மரத்தடியில் புதைத்தோம். உயிரோடு இருந்த மூன்றையும் பையன் பெட்டியில் வைத்துச் சாயங்காலம் முகத்துவாரத்துக்கு எடுத்துப் போனான். இரண்டு பறந்தன. ஒன்று பறக்கவில்லை.

மகளுக்குப் பூண்டுக் கஞ்சி, முருங்கைக்கீரை, முட்டை, மஞ்சளும் மிளகும் தூக்கலாகப் போட்டு நெத்திலிக் குழம்பு என்று கொடுத்தேன். நர்ஸ் சொன்னதும் இதேதான்: பிள்ளை அடிக்கடி குடித்தால் பால் தானாக ஊறும், தாய் நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துத் தூங்கினால் போதும். குழந்தைக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் அத்தை இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த மனிதரைக் கடைத்தெருவில் பார்த்தேன். தயங்கித் தயங்கி அவரே பக்கத்தில் வந்தார். “வலையிலதான் பிடிச்சேன் அக்கா. சத்தியமா மருந்து வைக்கல. நீங்க அப்படிச் சொன்னீங்கன்னு பெரியம்மா சொன்னாங்க.” எனக்கு நாக்கு எழவில்லை. அவர் மருந்து வைத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் காரியம் ஆவதற்காக ஒருவர் மேல் அபாண்டம் சொல்லிவிட்டேனே! “கடலும் ரெண்டு மாசமா சரியில்ல. நாங்க என்ன செய்யறது?” என்றார். டீச்சரிடம் இதைச் சொன்னபோது வனத்துறைக்குத் தெரிவித்துவிடுவதுதான் முறை என்றார். அதுதான் சரி என்று எனக்கும் தெரிகிறது. நான் அந்த மனிதரின் பெயரைச் சொல்லவில்லை. அவர் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். வேறு தெருவுக்குப் போகிறாரோ என்னவோ. தெரிந்த வீடுகளில் எல்லாம் நான் சொல்லிக்கொண்டுதான் வருகிறேன். மூன்று வீட்டில் கேட்டார்கள், ஒரு வீட்டில் “நீ சாப்பிடலியா அந்தக் காலத்துல?” என்று திருப்பிக் கேட்டார்கள்.

இந்த வருஷமும் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் முகத்துவாரத்துக்குப் போகிறேன். இப்போது கடலைப் பார்த்தே நிற்கிறேன், பயம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பொங்கலுக்கு வருகிற பறவைக் கணக்கெடுப்பில் கொல்லையில் இருந்தபடியே எண்ணலாம், நீங்களும் கலந்துகொள்ளலாம். பதினைந்து நிமிஷம் நின்று எது எத்தனை என்று குறித்தால் போதும். காக்காயும் மைனாவும்கூடக் கணக்குத்தான்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் இருந்தேன். அத்தை திண்ணையில் பேத்தியின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

“ஏம்மா, கொல்லையில அது கத்துது பாரு. மணி ஆறா?”

எட்டிப் பார்த்தேன். கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு.

“எட்டு நிமிஷம் முந்திடுச்சு அத்தை.”

“பரவால்ல, எழுதிக்க” என்றார்கள்.